காயம் ஆற அவசரம், தழும்பு மறையத் தாமதம்: வெட்டுக்காயத்தை எப்படிக் கவனிப்பது

தோல் கிழிந்ததும் உடம்பு பார்ப்பது ஒன்றைத்தான்: சீக்கிரம் அடைபட வேண்டும். பழையபடி ஆக வேண்டும் என்ற கணக்கு அதற்கு இல்லை. ரத்தம் வடிந்தோ கிருமி ஏறியோ செத்த விலங்குக்கு வாரிசு கிடையாது. தழும்போடு பிழைத்ததற்கு உண்டு. அதனால்தான் நம் தோல் கொலாஜன் நாரை அள்ளிப்போட்டு ஓட்டையை மூடுகிறது. முடி முளைக்கும் குழியான முடிக்காலும் வியர்வைச் சுரப்பியும் அந்த இடத்தில் பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. பல்லி போலிருக்கும் நீர்நில உயிரியான சாலமாண்டர் வெட்டுண்ட காலையே முழுதாக வளர்த்துக்கொள்கிறது. பாலூட்டிகளிலேயே ஆப்பிரிக்க முள் எலி, உரிந்துபோன முதுகுத்தோலை முடியோடு மீட்டுக்கொள்வது 2012-இல் தெரியவந்தது. பெரும்பாலான பாலூட்டிகளுக்கு அந்தத் திறன் ஏன் போயிற்று என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் காயத்தைக் கவனிப்பவருக்கு ஒன்று தெளிவு: அடைக்கும் வேலையை உடம்பே செய்துகொள்ளும். அந்த அவசரத்தில் விட்டுப்போவதைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் நிற்கும்வரை கையை எடுக்காதீர்கள்

சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரத இழைகள் அப்போதுதான் பின்னிக்கொண்டிருக்கும். துணியோடு அவையும் பிய்ந்து வரும். தாடையே இல்லாத லாம்ப்ரே மீனிலும் ரத்தம் இதே ஃபைப்ரினால்தான் உறைகிறது, அவ்வளவு பழைய ஏற்பாடு இது. அதற்கு நேரம் மட்டும் கொடுத்தால் போதும். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள். ரத்தம் பீய்ச்சி அடித்தாலோ, 15 நிமிடத்துக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போங்கள்.

கழுவுவது

குடிக்கத் தகுந்த தண்ணீரைக் குழாயில் ஓடவிட்டு 5 முதல் 10 நிமிடம் கழுவுங்கள். சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும். மண், கண்ணாடித்தூள் இருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு துகள் தங்கினாலும், அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அதைச் சுற்றியே அழற்சியை நீட்டிக்கொண்டிருக்கும். அழற்சி நீண்டால் தழும்பு தடிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டையும் காயத்துக்குள் ஊற்றாதீர்கள். நுரை வருவதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று தோன்றும், ஆனால் கிருமியோடு சேர்ந்து, காயத்தை மூட வரும் புதுச் செல்களும் சாகும்.

ஓரங்கள் விலகி நின்றாலோ, மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தாலோ, மூட்டின் மேல் அல்லது முகத்தில் பட்டிருந்தாலோ தையல் வேண்டியிருக்கும். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது. கடிபட்ட காயம் சிறிதானாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கடைசியாகப் போட்ட டெட்டனஸ் ஊசி 10 ஆண்டைத் தாண்டியிருந்தால், அழுக்கான காயமென்றால் 5 ஆண்டைத் தாண்டியிருந்தால், இன்னொன்று தேவைப்படும்.

காற்றாட விடாதீர்கள்

"திறந்து விட்டால் சீக்கிரம் காயும்" என்பது உண்மைதான். காயும், ஆறாது. ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் பன்றித்தோலில் சோதித்தபோது, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. பொருக்கு தட்டினால், ஓரத்திலிருந்து வரும் செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி, சுற்றிக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது.

இந்த வேகம் நமக்கு முக்கியம், ஏனென்றால் மனிதத் தோல் ஏற்கெனவே மந்தம். 2025-இல் வந்த ஓர் ஆய்வில் மனிதக் காயம் நாளுக்குச் சுமார் 0.25 மி.மீ. ஆறியது, சிம்பன்சி உள்ளிட்ட மற்ற பிரைமேட்டுகளில் அது சுமார் 0.6 மி.மீ. நாம் அடர்ந்த ரோமத்தை இழந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள், ஏனென்றால் முடிக்காலில் உள்ள, புதுச் செல்களை உண்டாக்கும் தண்டுச் செல்களும் காயத்தை மூட உதவுகின்றன.

பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகத் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். நாளுக்கு ஒருமுறையும், நனையும்போதும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு கரைத்து, அதில் ஊறவைத்து எடுங்கள். மூன்றாம் நான்காம் நாளில் சிராய்ப்பை உற்றுப் பாருங்கள்: விளிம்பில் பளபளவென்று வெளிறிய இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று உள்நோக்கி வந்திருக்கும், நடுவிலும் முடிக்கால்களைச் சுற்றிக் குட்டித் தீவுகள் தெரியும். துடைத்தெடுத்துவிடாதீர்கள், அதுதான் புதுத்தோல். சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகம். கட்டை அடிக்கடி மாற்றுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் சூடும் இருக்கும். வலி அதற்குப் பிறகு கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல், தோலில் செங்கோடுகள் வந்தாலோ அது தொற்று.

தழும்பு உருவாவது மூடிய பிறகுதான்

தையல் பிரித்ததும் பலர் காயத்தை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது. மூன்றாம் வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில் 80 சதவீதம்வரை ஏறலாம். அதற்கு மேல் ஒருபோதும் இல்லை. இடையில் இழுவை பட்டால், காயத்தைச் சுருக்கி நார் போடும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் அதை ஆபத்தாகக் கொண்டு இன்னும் நார் சேர்க்கும். தழும்பு அகலமாகும், தடிக்கும். தோல் முழுக்க மூடியபின் தழும்பின் மேல் காகித டேப்பை 6 முதல் 12 வாரம் ஒட்டி வையுங்கள். தடிக்க ஆரம்பித்தால் சிலிக்கான் ஷீட்: நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 2 முதல் 3 மாதம். வெயிலில் போனால் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கீலாய்டு; மார்பு, தோள், காதுமடலில் அதிகம் வரும். சீக்கிரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல்நுனி மட்டும் விதிவிலக்கு

கைகால்களில் நமக்கு மிஞ்சியிருக்கும் மறுவளர்ச்சி பெரும்பாலும் இங்கேதான். நகத்தின் அடிப்பகுதி சேதமில்லாமல், நுனி மட்டும் போயிருந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சதையும் ரேகையும் உருவமும் பெருமளவு திரும்ப வளரும். நகத்தடியில் உள்ள தண்டுச் செல்கள் இதற்குத் துணை. மருத்துவரிடம் உடனே போங்கள்; எலும்பு வெளியே தெரிகிறதா என்பதை அவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தைத்து மூடாமல் காற்றும் ஈரமும் அளவாகக் கசியும் பிளாஸ்டிக் படலக் கட்டுப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் உண்டு. அதற்குள் பழுப்பு நிற நீர் தேங்கி மூக்கைப் பிடிக்கும் அளவுக்கு நாறும். சீழ் வைத்துவிட்டது என்று பயந்து வீட்டிலேயே பிரித்துவிடுவார்கள். காய்ச்சலும், கூடிக்கொண்டே போகும் வலியும், விரலில் ஏறும் சிவப்பும் இல்லையென்றால் அந்த நாற்றம் எதிர்பார்த்ததுதான்; கட்டை அடுத்த தேதிவரை விட்டுவையுங்கள்.