நம்ம எல்லைப் பக்கத்து கொள்ளைக்காரன் கதை எவ்வளவு உண்மைன்னு தேடுறது எப்படி

குமரி-நெல்லை எல்லையில ஆரல்வாய்மொழி, தோவாளை, பணகுடி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பாட்டாகிட்ட, அதாவது தாத்தாகிட்ட, இந்த மாதிரி கொள்ளைக்காரன் கதை இருக்கும். பணக்காரன்கிட்ட பறிச்சி ஏழைக்கு குடுத்தான், போலீசு வந்தா மலையேறி அந்தப் பக்கம் போயிருவான்னு. அந்தப் பாட்டாமாரோட கதையும் போயிரும், அதனால சீக்கிரம் ஆரம்பிங்க.

முதல்ல போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, நடுவுல திருத்தாதீங்க. எந்த வருஷம்னு கேட்டா யாருக்கும் தெரியாது, பேச்சிப்பாறை அணை கட்டுறதுக்கு முன்னையா பின்னையான்னு கேளுங்க. அணை வேலை 1897-ல தொடங்கி 1906-ல முடிஞ்சது, அப்போ கதை எந்தப் பக்கம் விழுதுன்னு தெரிஞ்சிரும். அப்புறம் எந்த வழியா ஓடுனான், எங்க செத்தான்னு கேளுங்க, வருஷத்த மறந்தவங்க கூட இடத்த மறக்கமாட்டாங்க.

கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு சொன்னாங்கன்னா, இங்கிலீஷ் வருஷம் தெரிய ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824, அதுக்கு அப்புறம் உள்ள மாசத்துக்கு 825 கூட்டிக்கோங்க, 1099 ஆவணின்னா 1923. காசையும் கவனிக்கணும். திருவிதாங்கூர்ல 28 சக்கரம் சேந்தாத்தான் ஒரு ரூபா, ஆயிரம் சக்கரம் அடிச்சிட்டு போனான்னா அது 35 ரூபா சொச்சம்தான். சாதாரண துணிமூட்டைக்கு சவுக்கையில, அதாவது எல்லைச் சுங்கச்சாவடியில, சண்டைன்னு வந்தா கதை அநேகமா 1865-க்கு முந்தினது, ஏன்னா திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் போட்ட அந்த வருஷ ஒப்பந்தத்துல பெரும்பாலான சரக்குக்கு எல்லைச் சுங்கத்தை எடுத்துட்டாங்க.

அடுத்தது பேப்பர் தேடுறது, இங்கதான் நிறைய பேர் பாதியில விட்டுருதாங்க. 1956 நவம்பர் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் குமரிப் பக்கம் உள்ள நாம முதல்ல திருவிதாங்கூர்லயும் அப்புறம் திரு-கொச்சியிலயும் இருந்தோம். அதனால நம்ம பக்க பழைய ரெக்கார்டு திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துல இருக்கும், நெல்லைப் பக்கம் உள்ளது சென்னை எழும்பூர்ல. எல்லை தாண்டி ஓடுனவனுக்கு ரெண்டு இடத்துலயும் பாக்கணும், ஒரு பக்கத்துல தலைமறைவுன்னு முடிஞ்சிருக்கும், மீதிக் கதை மறுபக்கத்து கோப்புல கிடக்கும். இங்கிலீஷ் கோப்புல ஆரல்வாய்மொழின்னு தேடுனா கிடைக்காது, ஆரம்போலின்னு தேடுங்க.

கொள்ளைக்காரர் ஜம்புலிங்கத்தையே எடுத்துக்கோங்க, செம்புலிங்கம்னும் சொல்லுவாங்க. களக்காடு மலைப்பக்கம் இருந்தவர, 1923-ல போலீசு சுட்டுக் கொன்னுது. டோனாவூர்ல இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா அவர நேர்ல பாத்துப் பேசினவங்க, அவரப் பத்தி புத்தகமே எழுதினாங்க, ஆனா அதுல பேரை ராஜ்னு மாத்தியிருப்பாங்க, ஜம்புலிங்கம்னு மட்டும் தேடுனா நம்ம கைக்கு வராது. அவங்களுக்கு அவர் மேல பாசம், அது எழுத்துல தெரியும். போலீசு ரிப்போர்ட்டு தன்னோட நியாயத்தைத்தான் சொல்லும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி படிங்க, ரெண்டுலயும் ஒத்து வர்றதத்தான் முதல்ல நம்பலாம்.

பிரிட்டிஷ்காரங்கள எதிர்த்த திருவிதாங்கூர் தளவாய் (முதல் மந்திரி), நம்ம தலக்குளம் வேலுத்தம்பிய பாருங்க, 1809 பிப்ரவரியில ஆரல்வாய்மொழி கோட்டை விழுந்ததும் தேடப்படுற ஆளாகி மண்ணடியில உயிர விட்டாரு, அப்பவும் விடாம திருவனந்தபுரம் கண்ணம்மூலையில அவர் உடம்ப தொங்கவிட்டாங்க. அன்னைக்கு ஆண்டவங்க காகிதத்துல அவர் கலகக்காரர், நம்ம ஜனங்களுக்கு அவர் வீரர். அதனால குற்றவாளின்னு எழுதியிருக்குன்னா எழுதுனது யாருன்னு முதல்ல பாருங்க.

கோயில் கொடை விழாவுல வில்லுப்பாட்டு கேட்டா புலவர்கிட்ட ஏடோ நோட்டோ இருக்கான்னு மரியாதையா கேளுங்க. பாட்டுல தேதி தப்பா இருக்கலாம், ஆனா ஊர் பேரு, வழி, சொந்தக்காரங்க பேரு நல்லா நிக்கும்.

இன்னொண்ணு, பழைய போலீசு கோப்புல ஒரு சாதியவே திருட்டுக் கூட்டம்னு எழுதியிருப்பான், குற்றப்பரம்பரைச் சட்டம்னு அதுக்கு ஒரு சட்டமே இருந்துச்சு, 1947-ல சென்னை மாகாணத்துல எடுத்தாங்க. அத அப்படியே காப்பி அடிக்காதீங்க, அவங்க பேரப்பிள்ளைங்க நம்ம தெருவுலதான் இருக்காங்க.

எழுதும்போது இது பாட்டா சொன்னது, இது கோப்புல உள்ளது, இது பாட்டுல உள்ளதுன்னு தனித்தனியா போடுங்க. ஒத்து வரலன்னா ஒண்ணா ஆக்க முயற்சி பண்ணாதீங்க, மூணையும் அப்படியே விட்டுட்டு, ரெக்கார்டிங்க பாட்டா வீட்டுலயும் ஒரு காப்பி குடுத்துருங்க.