மதுரையில் இருந்தபடி பின்னணி இசை கற்பது: ஜார்ஜ் ஃபென்டனின் பாதையை முன்வைத்து

பின்னணி இசையமைப்பைத் தொழிலாக்கிக்கொள்ள விரும்பும் மதுரை இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கீபோர்டு வாங்கலாம் என்பதையே. அதற்கு விடையாக, ஜார்ஜ் ஃபென்டன் என்னும் பிரிட்டன் இசையமைப்பாளர் எந்த வேலைக்குப் பின் எந்த வேலையைச் செய்தார் என்பதை நான் சொல்வது வழக்கம். 1968இல் ஆலன் பென்னட்டின் நாடகமொன்றில் இளம் நடிகராக லண்டன் மேடை ஏறிய அவர், அடுத்து நாடகங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் இசையமைத்தார். 1982இல் வெளிவந்த ‘காந்தி’ படத்துக்கு ரவிசங்கருடன் சேர்ந்து இசையமைத்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். பிற்பாடு பிபிசியின் இயற்கை ஆவணத் தொடர்களான ‘தி புளூ பிளானட்’ (2001), ‘பிளானட் எர்த்’ (2006) ஆகியவற்றுக்கு இசையமைத்தார். இசையமைப்பாளர் என்றாலே பாட்டுப் போடுபவர் என்று எண்ணும் நமக்கு, காட்சிக்கு இசையமைப்பதையே முதன்மை வேலையாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கை நல்ல பாடம்.

ஆகவே நாடகத்திலிருந்து தொடங்குங்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு இன்னும் உயிரோடிருக்கும் ஊர் இது என்பதால், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகமே உங்களுக்குப் போதுமான பள்ளிக்கூடம். மேடைக்கு எதிரே உட்காராமல், ஆர்மோனியம் வாசிக்கும் பின்பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். நடிகர் வசனத்தை இழுத்தால் அவர் எங்கே சுரத்தைப் பிடித்துவைக்கிறார், எங்கே கையை எடுத்துவிடுகிறார் என்பதையும், அடி விழும்போதும் கதவு திறக்கும்போதும் ஆல்ரவுண்டு கலைஞர் (காட்சிக்கேற்ற ஓசைகளை எழுப்புபவர்) எந்த நொடியில் தட்டுகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

அடுத்து, மிகக் குறுகிய இசையில் கைபழக வேண்டும். பிபிசியின் ‘நியூஸ்நைட்’ செய்தி நிகழ்ச்சிக்கான அடையாள இசை ஃபென்டன் அமைத்ததுதான். நிகழ்ச்சி எது என்பதை இரண்டாவது நொடியிலேயே கேட்பவருக்குத் தெரிவித்துவிட வேண்டிய வேலை அது. உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சிக்கோ நண்பரின் யூடியூப் அலைவரிசைக்கோ பத்து நொடி இசை கேட்டால், சின்ன வேலை என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

இனி முக்கியமான பயிற்சி. கீழக்குயில்குடி சமணர் மலையடியில் மயில்களைக் காலை வெளிச்சத்தில் மூன்று நிமிடம் படமெடுத்து, ஒலியை நீக்கிவிட்டு, இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை நொடிக் கணக்கோடு தாளில் எழுதுங்கள். இசை 12ஆவது நொடியில் தொடங்குகிறது, மயில் தோகை விரிப்பது 46ஆவது நொடியில் என்று கொண்டால், இடையே 34 நொடி இருக்கிறது. அந்த இடைவெளியில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), அதாவது 32 எண்ணிக்கை வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 56.5 என்னும் வேகம் வரும். ஐந்து ஆவர்த்தனம் வைத்தால் 40 எண்ணிக்கைக்கு வேகம் 70.6 ஆகும். எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி நொடியால் வகுப்பதுதான் கணக்கு. தோகை விரியும் கணத்தில் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடி, தானாக வந்து விழுவதைப் பார்த்துவிட்டால், இந்த வேலையின் மீது ஆசை பிடித்துவிடும். இரண்டு வேகங்களில் எது பொருந்தும் என்பதை மயிலின் நடையே சொல்லும்; எனக்கு மெதுவானதே பிடிக்கிறது.

கணக்குப் போடும் முன் காணொளி நொடிக்கு எத்தனை பிரேம் என்று கேட்டுக்கொள்ள மறவாதீர்கள். திரைப்படத்துக்கு வழக்கம் 24, பிரிட்டனிலும் இந்தியாவிலும் தொலைக்காட்சிக்கு 25. 24இல் எடுத்த மூன்று நிமிடக் காட்சியை யாரேனும் அப்படியே 25இல் ஓட்டிக் கொடுத்தால், ஏழு நொடிக்கு மேல் குறைந்துவிடும், மயில் தோகையை விரித்த பிறகே உங்கள் இசையின் உச்சம் வரும். ஒரு கல்லூரிக் குறும்படத்துக்கு நான் செய்த வேலை இப்படித்தான் வீணாகி, இரண்டு இரவு விழித்துத் திருத்த நேர்ந்தது.

பேச்சு வரும் காட்சியில், குரல் ஒலிக்கும் அதே உயரத்தில் புல்லாங்குழலையோ வயலினையோ ஓடவிட்டால் இரண்டுமே கெடும். கீழ்ச்சுரத்தில் நீண்ட ஒலி ஒன்றைப் பிடித்து வைத்து, வசனத்தின் இடைவெளியில் மட்டும் மெட்டைக் காட்டுங்கள். பல காட்சிகளுக்கு இசையே வேண்டியதில்லை என்று இயக்குநரிடம் சொல்லும் துணிவும் வேண்டும். நம் படங்களில் இது அரிதாகவே நடக்கிறது.

நம் வாத்தியங்களை மேற்கத்திய இசையோடு சேர்க்க நினைப்பவர்கள் சுருதியை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நாகசுரக் கலைஞரை அழைப்பதானால், அவர் வாத்தியத்தின் சுருதி இரண்டு கட்டையா, இரண்டரையா (கட்டை என்பது சுருதியின் அளவு) என்று கேட்டறிந்து அதற்கேற்பக் கீபோர்டுப் பகுதியை எழுதுங்கள். எழுதி முடித்தபின் அவரை வளைக்கப் பார்த்தால், அவர் அன்போடு வாசித்துக் கொடுப்பார், ஆனால் அசைவுகளில் உயிர் இராது. மேற்கத்தியச் சுரக்குறிப்பை மதுரைத் தேவாலயப் பாடகர் குழுக்களில் கற்றுக்கொள்ள முடியும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்குப் படிப்பதும் பயன் தரும்.

முடித்த இசையை ஒரே கோப்பாகத் தராமல், தாளம், தந்தி, குழல் எனப் பிரித்து, நொடிக்கு 48,000 மாதிரி என்னும் அளவில் கொடுத்தால், ஒலிக்கலவை செய்பவர் வசனத்துக்கேற்ப அவற்றை ஏற்றி இறக்குவார். வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். திரையரங்குக்கு வெளியே இசை பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளர் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் சொல்கிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை நொடி இசை என்ற பட்டியலைத் தயாரிப்பாளரிடமிருந்து படம் வெளிவரும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.