டர்பனிலிருந்து காலநிலைத் தொழில்நுட்ப உதவி கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துச் சங்கங்கள் வெள்ள முன்னெச்சரிக்கை அமைப்பைத் திட்டமிட, ஐ.நா. ஆதரவிலான காலநிலைத் தொழில்நுட்ப மையத்திடம் வல்லுநர் உதவி கேட்கலாம். 2010இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவான ஏற்பாடு இது. மையத்தின் பணிவரம்பு மறு ஆண்டு டர்பன் மாநாட்டில்தான் வகுக்கப்பட்டது.

கோபன்ஹேகனில் உள்ள மையத்துக்கு நேரே விண்ணப்பித்துப் பயனில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் நியமிக்கப்பட்ட தேசியத் தொடர்பு அமைப்பு உண்டு. அதன் கையொப்பம் இல்லாத படிவம் நகராது. ஆகவே முதலில் அவர்களிடம் பேசுங்கள், பிறகு எழுதுங்கள்.

படிவத்தின் உயிர் சிக்கலை விளக்கும் பகுதி. "2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோம்" என்பது போதாது. எந்த ஓடை, எத்தனை வீடுகள், இதுவரை என்ன செய்தீர்கள், எந்த அறிவு குறைகிறது என்று எழுதுங்கள். நாட்டின் காலநிலைத் திட்டத்தோடு எங்கே பொருந்துகிறது என்பதையும் காட்டுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: "50 உணர்கருவி வாங்கித் தாருங்கள்" என்று கேட்பார்கள். மையம் தருவது ஆய்வு, வடிவமைப்பு, பயிற்சி. கருவிக் கொள்முதல் அல்ல. ஒரு கோரிக்கைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதுவும் வேலை செய்யும் நிறுவனத்துக்கே போகும், உங்கள் கணக்குக்கு வராது. கருவிச் செலவுக்கு, வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியம் போன்ற வேறு கதவைத் தட்ட வேண்டும். அங்கே கொண்டுபோக இந்த ஆய்வறிக்கை நல்ல ஆதாரம்.