ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டர் ரப்பரும் ரீட் வால்வும் மாற்றும் முறை

ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்காமல் நிற்கிறதா? ஐட்லிங் ஏறி இறங்கி ஆடுகிறதா? கார்புரேட்டரின் காற்றளவைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன் கார்புரேட்டரை சிலிண்டரோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பரைப் பாருங்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ரப்பர் மாற்றப்படாத வண்டி என்றால் அது சூட்டில் காய்ந்து வெடித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வெடிப்பு வழியே நுழையும் காற்று கார்புரேட்டரின் கணக்கில் வராது. கலவையில் பெட்ரோல் குறைந்து பிளக் வெளுக்கும். நீண்ட ஓட்டத்தில் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும்.

ரீட் வால்வு என்பது பெட்ரோல்-காற்றுக் கலவையை எஞ்சினுக்குள் ஒருவழியாக மட்டும் விடும் மெல்லிய இதழ்கள் கொண்ட வால்வு. அது கெட்டால் அறிகுறி வேறு. பிஸ்டன் கீழே வரும்போது கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) அழுத்தத்தில் இதழ்கள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் உள்ளே போன கலவை திரும்பி வரும். ஏர் ஃபில்டர் பெட்ரோலில் நனையும், கிக்கர் பல தடவை அடிக்க வேண்டியிருக்கும், குறைந்த ரேஸில் இழுவையே இருக்காது.

ரப்பரைச் சோதிக்க, வண்டியை ஐட்லிங்கில் விட்டு ரப்பர் மீதும், பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் பேக்கிங் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் உள்ளே இழுபட்டாலோ எஞ்சின் சத்தம் மாறினாலோ அங்கேதான் ஓட்டை. பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கும்போது அது வேண்டாத விஷப்பரீட்சை.

வாங்க வேண்டியவை: மேனிஃபோல்டு ரப்பர், ரீட் இதழ் செட், ரீட் பிளாக்கின் (இதழ்கள் பொருத்திய கட்டை) இரு பக்கத்துக்கும் பேக்கிங், கிளாம்ப், ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் மென்மையான ரக திரெட் லாக் பசை. ரப்பரைக் கடையிலேயே வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் உறை பிரிக்காத புதுச் சரக்கானாலும் வேண்டாம். மலிவான டூப்ளிகேட் ரப்பர் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உப்பிவிடும்.

எஞ்சின் ஆறியபின் பெட்ரோல் டேப்பை மூடி, ஹோசைக் கழற்றுங்கள். கார்புரேட்டரின் மேல் மூடியைத் திருகி, ஸ்லைடையும் ஊசியையும் கேபிளோடு வெளியே எடுத்து, வளையாதபடி கட்டி வையுங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்ற நேர்ந்தால் உடனே அதன் வாயை அடைத்துவிடுங்கள். கிளாம்பைத் தளர்த்தி கார்புரேட்டரை இழுத்தால் வந்துவிடும். பிறகு மேனிஃபோல்டு போல்ட்டுகளைக் குறுக்குவாக்கில் தளர்த்தி ரப்பரையும் ரீட் பிளாக்கையும் எடுத்து, சிலிண்டர் துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள்.

ரீட் பிளாக்கை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இதழின் நுனிக்கும் அது படியும் இருக்கைக்கும் இடையே 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையில்லாமல் நுழைந்தால் இதழை மாற்ற வேண்டியதுதான். மூலை உடைந்திருந்தால் அந்தத் துண்டு எங்கே போனது என்று தெரியாமல் மேற்கொண்டு ஒரு வேலையும் செய்யாதீர்கள். எஃகுத் துண்டு உள்ளே கிடந்தால் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். தேவைப்பட்டால் சிலிண்டரைக் கழற்றித்தான் தேட வேண்டும். இருக்கையில் ரப்பர் பூச்சு பெயர்ந்திருந்தால் புது இதழ் போட்டும் பயனில்லை, பிளாக்கையே மாற்றுங்கள்.

இதழுக்கும், அது அளவுக்கு மேல் வளையாமல் தடுக்கும் ஸ்டாப்பர் தகட்டுக்கும் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். இரண்டின் வெட்டும் ஒரே பக்கம் வரவேண்டும். திருப்பிப் போட்டால் இதழ் பிளாக்கோடு சீராகப் படியாது. ஸ்க்ரூக்களுக்கு ஒரு சொட்டு திரெட் லாக் போட்டு மாற்றி மாற்றி மெதுவாக இறுக்குங்கள். சுமார் 0.8 நியூட்டன் மீட்டர், அதாவது விரல் நுனியால் டிரைவரைத் திருப்பும் அளவு போதும். முரட்டுத்தனமாக இறுக்கினால் தகடு வளையும், மரையும் போகும்.

பழைய பேக்கிங்கைப் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். இரும்புக் கத்தி அலுமினிய முகத்தைக் கீறினால் அதுவே புது ஓட்டை. சிலிண்டர், பேக்கிங், ரீட் பிளாக், பேக்கிங், ரப்பர் என்ற வரிசையில் பூட்டுங்கள். சிலிகான் பசை தடவாதீர்கள், பிதுங்கிய பசை பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து இதழில் சிக்கும். போல்ட்டுகளைக் குறுக்குவாக்கில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். கார்புரேட்டர் ரப்பரின் அடிவரை போய் உட்கார்ந்த பிறகே கிளாம்ப். ஸ்லைடின் சாய்வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். மூடுமுன் ஆக்சிலேட்டரைத் திருகி, விட்டவுடன் ஸ்லைடு டக்கென்று விழுகிறதா என்று பாருங்கள்.

ஆயில் குழாயைத் தொட்டிருந்தால் ஆயில் பம்பில் காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஆயில் வடியவிட்டு மூடுங்கள். மெல்லிய குழாயில் மிஞ்சிய காற்று போக, எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு பம்ப் கேபிளை முழுதாக இழுத்துப் பிடியுங்கள். புகை கூடும், பயப்பட வேண்டாம். இதைத் தொடங்கும் முன்பே டேங்கில் லிட்டருக்கு 20 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துவிடுவது நல்லது.

ஐட்லிங்கைப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். காற்று இழுத்த காலத்தில் யாராவது பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பாகம்) போட்டு ஈடுகட்டியிருந்தால், இப்போது வண்டி அடைத்துக்கொண்டு புகையும், பிளக் கரியாகும். அப்படியானால் பழைய அளவு ஜெட்டுக்கே திரும்புங்கள். ஓரிரு முறை ஓட்டி எஞ்சின் நன்றாக ஆறியதும் மேனிஃபோல்டு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள், பேக்கிங் அமுங்கியிருக்கும்.