என்ஜின் நின்றதும் முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள்: வீட்டில் கட்டிய விமானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கொட்டகையில் கட்டிய சிறு விமானமானாலும், என்ஜின் நின்ற கணத்திலேயே அது கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. மூக்கை உடனே தாழ்த்தி, உரிய வேகத்தைக் காப்பாற்றினால், அது சறுக்கியபடி இறங்கி வரும். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அடுத்த சில நொடிகளில் விமானி செய்யும் தவறும், அதற்குப் பல மாதங்கள் முன்பே கொட்டகையில் செய்துவைத்த தவறும்தான்.

இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்ததற்குப் பாடகர் ஜான் டென்வரின் மரணத்தைவிடத் தெளிவான சான்று இல்லை என்றே நினைக்கிறேன். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்த அவரது விமானம், வீட்டில் கட்டும் லாங்-ஈஸி வகையைச் சேர்ந்தது, வேறொருவர் கட்டியது. டென்வர் அதை வாங்கியிருந்தார். எரிபொருள் டேங்கை மாற்றும் வால்வின் கைப்பிடி, மூல வடிவமைப்பின்படி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டியது, இடது தோளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. புறப்படுமுன் இடுக்கியைப் பொருத்தி அந்தக் கைப்பிடியை எட்ட முடிகிறதா என்று பார்த்தார்கள், பயனில்லை. பின்னால் இருந்த எரிபொருள் அளவுகாட்டியைப் பார்ப்பதற்குப் பழுதுபார்ப்பவர் ஒருவர் சிறு கண்ணாடியொன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போவதால் எரிபொருள் நிரப்ப வேண்டாம் என்று டென்வர் சொல்லிவிட்டார். வானில் வால்வைத் திருப்ப உடலை முறுக்கியபோது அவரது கால் வலது ரட்டர் பெடலை (வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் மிதியை) அறியாமல் அழுத்தியதில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதே விசாரணையின் முடிவு.

ஆகவே இருக்கைப் பட்டையைக் கட்டிய நிலையில், பார்வையைத் திருப்பாமலே எட்டாத எந்த வால்வையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள். முதல் பறப்புக்கு முன், விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி, வரும் எரிபொருளைப் பாத்திரத்தில் பிடித்து அளந்து பாருங்கள். டேங்கிலிருந்து தானாக இறங்கி வருவதானால், முழு விசையில் என்ஜின் குடிக்கும் அளவில் 150 விழுக்காடும், பம்ப் வழியாக வருவதானால் 125 விழுக்காடும் வர வேண்டும். சமதரையில் அளந்துவிட்டு நிறைவடைவது தவறு. டேங்கைக் கட்டும்போது உள்ளே தங்கிய கண்ணாடியிழைத் துகளும் பசை உதிரிகளும் பில்டரை அடைக்கும் என்பதால், தொடக்க நாட்களில் அதை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

தரையைவிட்டு எழுந்த உடனே என்ஜின் நின்றால், ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணம்தான் மிகக் கொடியது. 180 பாகை திரும்பினால் ஓடுபாதை நேராக வந்துவிடாது. பக்கவாட்டில் விலகியிருப்பதால் அதற்கும் மேல் வளைந்து, மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்க வேண்டும். உயரம் போதாதென்று வளைவை இறுக்கினால், 45 பாகைச் சாய்வில் உயரம் குன்றாமல் திரும்ப முயலும்போது ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கைகள் விமானத்தைத் தாங்காமல் விட்டுவிடும் வேகம்) ஏறத்தாழ 19 விழுக்காடும், 60 பாகையில் 41 விழுக்காடும் கூடுகிறது. பாதுகாப்பான உயரத்தில் ஒத்திகை பார்த்து, குறைந்தது எத்தனை அடி வேண்டும் என்று முன்பே குறித்து வைக்காதவர், எதிரே தெரியும் வெளியில் இறங்குவதே சரி.

ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கட்டியவருக்கு விமானத்தைக் காப்பாற்றும் ஆசை இருப்பது இயல்பு. அந்த ஆசையில்தான் அவர் மூக்கை இழுத்துப் பிடித்து, எட்டாத வயலை எட்டப் பார்க்கிறார். வேகம் தேய்ந்து, ஓர் இறக்கை முதலில் சரிந்து விழுகிறது. அதைவிட, குறைந்த வேகத்தில், கட்டுப்பாட்டோடு புதருக்குள் நுழைவது மேல். புவியீர்ப்பைப் போல 9 மடங்கு வேகத்தடை சீராகக் கிடைத்தால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் 3 மீட்டர் போதும். 160 என்றால் அதைப்போல நான்கு மடங்கு வேண்டும். எனவே தரையைத் தொடும் வேகம் குறையும்படி காற்றை எதிர்த்து இறங்குங்கள். தரையைத் தொடுமுன், நேரமிருந்தால், எரிபொருள் வால்வையும் மின்சாரத்தின் மாஸ்டர் சுவிட்சையும் மூடிவிட்டு, மேற்கூரையின் தாழ்ப்பாளை விடுவித்துவிடுங்கள். சட்டகம் நெளிந்தால் அது உள்ளிருந்து திறக்காது.