குடியை விட உதவும் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

குடியை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் பலர் ஒரே இடத்தில் தேங்கி நின்றுவிடுகிறார்கள். அதற்கென்று கூட்டங்கள் நடப்பது தெரியும். எங்கே, எப்போது, யாரிடம் கேட்பது என்பது தெரியாது. நான் முதல்முறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாத பயம்தான் காரணம். மறுவாரம்தான் உள்ளே போனேன். அந்த ஒரு வாரத்தை வேறு யாரும் இழக்கக் கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பல காலமாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காமல் போகலாம். கைநடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்குக் கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியவும் கூடும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. அதனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். கூட்டத்துக்குப் போவதால் சிகிச்சையை விட வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

1. எந்தக் குழு என்று பாருங்கள்

பரவலாக இருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். யார் புத்தி சொன்னாலும் கேட்காத குடிநோயாளி, தன்னைப் போலவே அவதிப்பட்ட ஒருவர் பேசினால் காது கொடுப்பார் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டார்கள். இன்றைக்கும் கூட்டம் நடப்பது அந்த அடிப்படையில்தான். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது. செலவுக்காக உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள், நீங்கள் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல, அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். அதுவும் ஒத்துவராது என்றால் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கும் ஸ்மார்ட் ரிக்கவரி இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தாருக்குத் தனியாக அல்-அனான் உண்டு. வீட்டில் ஒருவர் குடியால் தவித்தால் மற்றவர்களும் உடைந்து போகிறார்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் அங்கே போகலாம்.

2. தேடுங்கள்

ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பல நாடுகளின் அலுவலகத் தொடர்புகள் உள்ளன. மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலி அருகில் உள்ள கூட்டங்களைக் காட்டும். ஆனால் எல்லாப் பகுதிகளும் அதில் வராது. அதில் ஒன்றும் காட்டவில்லை என்பதால் கூட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலோ மறுவாழ்வு மையத்திலோ கேளுங்கள், அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும். பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால் இணையவழிக் கூட்டங்கள் உண்டு. கேமராவை அணைத்து வைத்துவிட்டுக் கேட்கலாம்.

3. போன் செய்து உறுதிப்படுத்துங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். இடமும் நேரமும் மாறியிருக்கலாம். தைரியத்தைத் திரட்டிப் போன நாளில் கதவு பூட்டியிருந்தால் அடுத்த முறை கிளம்புவது மிகவும் கடினம். எந்த மொழியில் பேசுவார்கள், பெண்களுக்குத் தனிக் கூட்டம் உண்டா என்று கேளுங்கள். திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்பதும் முக்கியம். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். "முதல்முறை வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வாசலில் ஒருவர் காத்திருக்கவும் கூடும்.

4. போங்கள்

பத்து நிமிடம் முன்னதாகப் போய் விருப்பமான இடத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நடக்கும். ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். இடையில் யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்ல மாட்டார்கள். பெயரை மட்டும் சொன்னால் போதும், முழு விவரம் கேட்க மாட்டார்கள். பேச மனமில்லையா? "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. நீங்கள் பேசுவதற்கும் அதே காப்பு உண்டு.

முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் கலைந்த பிறகு நின்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கு ஒருவரின் போன் எண் கிடைத்தது. குடிக்கத் தோன்றும் ராத்திரியில் அழைக்க ஒரு எண் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

5. ஒரு கூட்டத்தோடு முடிவுக்கு வராதீர்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுபாவம் உண்டு. ஒன்றில் வயதானவர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொன்றில் ஒரே ஆள் நெடுநேரம் பேசுவார். குறைந்தது நான்கைந்து கூட்டங்களாவது, முடிந்தால் வெவ்வேறு குழுக்களில் போய்ப் பாருங்கள். பிடித்த குழு அமைந்ததும், சில காலம் குடியில்லாமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது வழிகாட்டியாக இருக்கும்படி கேட்கலாம். அவசரமில்லை.

நடுவில் மறுபடி குடித்துவிட்டால்? வெட்கத்தில் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் பலருக்கும் அது நடந்திருக்கிறது. அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று பார்த்து, அன்றைக்குப் போய் உட்காருங்கள்.