ஜிஎஸ்டியில் சிறு வணிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பனை வரி தமிழ்நாட்டு வணிகர்களுக்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரிச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. ஆனால் 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த பிறகு, விற்பவர் போடும் பில்லும் வாங்குபவர் கோரும் வரி வரவும் (கொள்முதலில் கட்டிய வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) ஒரே இணையதளத்தில் ஒன்றோடொன்று ஒப்பிடப்படுகின்றன. ஆகவே வரி ஏய்க்கும் எண்ணம் சிறிதும் இல்லாதவர்களும், ஒரு விதியைத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரே காரணத்தால் கைப்பணத்தை இழக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

பெரும்பாலான தொல்லைகள், ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் விற்பனை வரம்பைத் தவறாகக் கணக்கிடுவதிலிருந்தே தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை அளிப்பவருக்கு 20 லட்சம் ரூபாய் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் 40 லட்சம் என்ற வரம்பு பொருள் விற்பனையை மட்டுமே செய்பவருக்கு உரியது. செல்போன் விற்பதோடு பழுதும் பார்த்துக் கொடுக்கும் கடைக்காரர் 20 லட்சத்தையே தம் வரம்பாகக் கொள்ள வேண்டும். மேலும், வரம்பைக் கணக்கிடும்போது இலாபத்தையோ வரிக்குரிய விற்பனையை மட்டுமோ பார்க்கக் கூடாது; ஒரே பான் எண்ணின் கீழ் இந்தியா முழுவதும் நடக்கும் மொத்த விற்றுமுதலையும் பார்க்க வேண்டும். வரிவிலக்குள்ள பொருட்களின் விற்பனையும் இதில் சேரும். ஒரு மளிகைக் கடையில் பாக்கெட்டில் அடைக்காமல் விற்கும் அரிசி, பால், காய்கறி ஆகியவை 30 லட்சத்துக்கும், வரி உள்ள பொருட்கள் 12 லட்சத்துக்கும் விற்றால், வரிக்குரிய விற்பனை 12 லட்சம்தான் என்று அந்தக் கடைக்காரர் சும்மா இருந்துவிட முடியாது. அவருடைய விற்றுமுதல் 42 லட்சம், அவர் பதிவு செய்தாக வேண்டும். வரிவிலக்குள்ள பொருட்களை மட்டுமே விற்பவருக்குத்தான் பதிவு தேவையில்லை. அதே கடைக்காரர் தமக்குச் சொந்தமான வணிகக் கட்டடம் ஒன்றிலிருந்து வாடகை பெற்றால் அதுவும் விற்றுமுதலில் சேர்கிறது.

வரம்பைத் தாண்டியவுடன் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் வெறும் சம்பிரதாயமாக எண்ணித் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் காலத்துக்குள் விண்ணப்பித்தவருக்கு, பதிவு செய்யும் பொறுப்பு ஏற்பட்ட நாளுக்கு முந்தைய நாள் கடையில் இருந்த சரக்கின் மீது ஏற்கெனவே கட்டிய வரியை வரவாகப் பெறும் உரிமை உண்டு. தாமதித்தவர் அந்த உரிமையை இழப்பதோடு, வாடிக்கையாளரிடம் வசூலிக்காத வரியைத் தம் கையிலிருந்து கட்ட நேர்கிறது. அதற்கு மேல் பத்தாயிரம் ரூபாய் அல்லது கட்டத் தவறிய வரி, இவற்றில் எது கூடுதலோ அது அபராதமாகலாம்.

மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்பவருக்கு இந்த வரம்பே பொருந்தாது. திருப்பூரில் வீட்டிலிருந்து பனியன் தைத்து இன்ஸ்டாகிராம் வழியே கொச்சிக்குப் பார்சல் அனுப்புபவர், சட்டப்படி முதல் விற்பனைக்கு முன்பே பதிவு பெற்றிருக்க வேண்டும். கைவினைப் பொருள் செய்பவர்களுக்கும் சேவை அளிப்பவர்களுக்கும் மட்டும் 20 லட்சம் வரை நிபந்தனைகளுடன் தளர்வு உண்டு. கடலூர், விழுப்புரம் பகுதியினர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது புதுச்சேரியை. அன்றாடம் போய்வரும் ஊராக இருந்தாலும் ஜிஎஸ்டியில் அது வெளிமாநிலம். தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்றும் புதுச்சேரிப் பதிவு எண் 34 என்றும் தொடங்கும். அங்கே சரக்கு அனுப்பும்போது மத்திய, மாநில வரிகளாகப் பிரிக்காமல், மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி போட வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கட்டி வரித் தலைப்பு மாறிப் போனால், சரியான தலைப்பில் மறுபடியும் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வேண்டும். வட்டி இல்லை என்றாலும் பணம் பல நாட்கள் முடங்கிக் கிடக்கும்.

காம்போசிஷன் திட்டம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள வணிகர்களுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் 1 சதவீத வரியோடும், உணவகங்களுக்கு 5 சதவீத வரியோடும் எளிய வழியைத் தருகிறது. ஆனால் இதில் சேர்ந்தவர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. தம் இலாபத்திலிருந்தே கட்ட வேண்டும். வழக்கமான வரி பில்லுக்குப் பதிலாக, வரி வசூலிக்கும் தகுதி இல்லை என்ற குறிப்போடு கூடிய பில் தர வேண்டும். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கவும் கூடாது. உங்களிடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் நிறுவனங்களாக இருந்தால் இத்திட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் பில்லை வைத்து அவர்கள் வரி வரவு பெற முடியாது என்பதால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

கொள்முதலில் கட்டிய வரியை வரவாக எடுப்பதில்தான் கவனக்குறைவு அதிகச் செலவு வைக்கிறது. கையில் பில் இருந்தால் போதும் என்பது தவறான எண்ணம். விற்றவர் தம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை அறிக்கையில் அந்தப் பில்லைக் காட்டி, அது உங்களுக்காக இணையதளம் தயாரிக்கும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கொள்முதல் பட்டியலில் தெரிய வேண்டும். அவர் வரியை அரசுக்குக் கட்டியும் இருக்க வேண்டும். அவர் கட்டாமல் விட்டால், முழுத் தொகையையும் கொடுத்துவிட்ட உங்களிடமிருந்தே வரவு திரும்பக் கேட்கப்படுகிறது. இது நேர்மையான வணிகருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்; ஆயினும் சட்டம் இப்படி இருக்கும்வரை நாமே காத்துக்கொள்ள வேண்டும். புதிய மொத்த வியாபாரியிடம் வாங்கும் முன் அவருடைய பதிவு எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் தேடினால், பதிவு நடப்பில் உள்ளதா, அறிக்கைகளை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்பதை எவரும் பார்க்கலாம். கடனுக்கு வாங்கிய சரக்கின் பணத்தை 180 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு நிதியாண்டின் விடுபட்ட வரவை அடுத்த நவம்பர் 30-க்குப் பிறகு எடுக்க முடியாது. சொந்தக் கார், சாப்பாட்டுச் செலவு, கடைக் கட்டடம் கட்டிய செலவு ஆகியவற்றுக்குப் பொதுவாக வரவு கிடையாது.

விற்பனையே இல்லாத மாதத்தில் அறிக்கை தேவையில்லை என்று விட்டுவிடுவதும் பரவலான தவறு. பூஜ்ய அறிக்கைக்கான தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய்தான். ஆனால் மாதந்தோறும் அறிக்கை தர வேண்டியவர் தொடர்ந்து ஆறு மாதம் தாக்கல் செய்யாவிட்டால் பதிவே ரத்தாகலாம். தாமதமாகக் கட்டும் வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து, பதிவின்போது கணக்காளரின் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது. நோட்டீஸ்கள் இப்போது இணையதளத்திலேயே பதிவேற்றப்படுகின்றன. சட்டப்படி அதுவும் நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் முறைகளில் ஒன்று. நோட்டீஸைப் பார்க்காமலேயே உத்தரவு பிறப்பிக்கப்பட்டு, வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகே விஷயம் தெரிந்து வணிகர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்குகள் ஏராளம். பலவற்றில் நீதிமன்றம், வரியில் ஒரு பகுதியைக் கட்டும் நிபந்தனையோடு மறுவிசாரணைக்கு அனுப்பியது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் மட்டுமே அவகாசம் என்பதால், ஆடிட்டர் எவ்வளவு நம்பகமானவராக இருந்தாலும் தொடர்பு எண் உங்களுடையதாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை நீங்களே உள்நுழைந்து நோட்டீஸ் பகுதியைப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல், 12, 28 சதவீத விகிதங்களில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5 அல்லது 18 சதவீதத்துக்கு மாறியுள்ளன. பில் போடும் மென்பொருளில் பழைய விகிதம் எதுவும் எஞ்சியிருக்கக் கூடாது. கூடுதலாக வசூலித்த வரியை அரசுக்கே செலுத்த வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கும், வெளிமாநிலத்துக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கும் மேற்பட்ட சரக்கை அனுப்பும்போது, இணையத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில் கட்டாயம்.

கடையை மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் பதிவை ரத்து செய்ய விண்ணப்பிப்பதில்லை; அறிக்கைகள் நிலுவையில் சேர்ந்துகொண்டே போகின்றன. வழக்கமான முறையில் பதிவு பெற்றவர் ரத்தான பிறகும் மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி அறிக்கையைத் தாக்கல் செய்து, மீதமுள்ள சரக்குக்கு எடுத்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பில், கணக்குப் புத்தகங்களை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்ற விதி, மூடிய கடைக்கும் பொருந்தும்.